புகையை அளப்பவருக்குப் பணம் கொடுப்பது யார்? குஜராத்தில் விதியை மாற்ற வைத்த ஆய்வு

உங்கள் அப்ரைசலை எழுதும் ஆளை நீங்களே தேர்வு செய்யலாம், அவருக்கு ஃபீஸும் நீங்களே கொடுக்கலாம் என்று கம்பெனி சொன்னால் எப்படி இருக்கும்? ரேட்டிங் என்ன வரும் என்று சொல்லவே வேண்டாம்.

குஜராத்தில் ஆலைகளின் மாசைத் தணிக்கை செய்யும் முறை கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. அது மாறியதற்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வு முக்கியக் காரணம்.

என்ன பிரச்சனை?

உயர் நீதிமன்றத் தலையீட்டால் 1996-ல் வந்த திட்டம் இது. அதிக மாசு ஏற்படுத்தக்கூடிய ஆலைகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அறிக்கை தர வேண்டும். ஆனால், ஆடிட்டரைத் தேர்வு செய்வதும் ஆலைதான், பணம் கொடுப்பதும் ஆலைதான். கறாரா எழுதினா அடுத்த வருஷம் வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க.

ஆய்வில் என்ன செய்தார்கள்?

எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், வாரியத்துடன் சேர்ந்தே களமிறங்கினர். 2009 முதல் இரண்டு ஆண்டுகள், அகமதாபாத், சூரத் பகுதிகளில் 473 ஆலைகள்.

ஏறத்தாழ பாதி ஆலைகளில் பழைய முறையே தொடர்ந்தது. மீதி ஆலைகளில் மூன்று மாற்றங்கள்:

• எந்த ஆலைக்கு எந்த ஆடிட்டர் என்பது குலுக்கல் முறையில் முடிவானது.
• பொது நிதியிலிருந்து எல்லோருக்கும் ஒரே கட்டணம்.
• ஆடிட்டர் எடுத்த அளவீடுகளில் சிலவற்றை இன்னொரு குழு மறுபடி அளந்து பார்த்தது.

முடிவு என்ன?

பழைய முறையில், புகைத் துகள் வரம்பை மீறியவை 7% ஆலைகள் மட்டுமே என்றன அறிக்கைகள். நேரில் அளந்தபோது மீறியவை 59%!

புதிய முறையில், வரம்பை மீறிய அளவை 'சரியாக இருக்கிறது' என்று பொய்யாக எழுதுவது சுமார் 80% குறைந்தது. உண்மை வெளியே வந்ததும் ஆலைகள் மாசையும் குறைத்தன, குறிப்பாக மிக மோசமாக மாசுபடுத்தியவை.

ஆய்வு 2013-ல் வெளியானது. 2015-ல், ஆடிட்டர்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் விதியை வாரியம் கொண்டுவந்தது.

சோதனையை அதிகப்படுத்தினால் போதாதா?

நமக்கும் அப்படித்தான் தோணும். அதே குஜராத்தில் அதையும் சோதித்தார்கள். அதிகாரிகள் ஆலைகளுக்குப் போவதை இரட்டிப்பாக்கினார்கள். சராசரி மாசு பெரிதாகக் குறையவில்லை. எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்ற அதிகாரிகளின் கணிப்பு முன்பே ஓரளவு சரியாக இருந்தது. கூடுதலாகப் போன இடங்களில் சிக்கியவை பெரும்பாலும் சின்ன மீறல்கள்.

அடுத்து என்ன நடந்தது?

2019-ல் சூரத்தில் புகைத் துகள்களுக்கான உமிழ்வு வர்த்தகம் தொடங்கியது. மொத்த மாசுக்கு ஒரு உச்சவரம்பு, அதற்குள் ஆலைகள் அனுமதிகளை வாங்கி விற்கலாம். 317 ஆலைகளில் நடந்த ஆய்வில், இந்தச் சந்தையில் இருந்தவை மற்றவற்றைவிட 20-30% குறைவாக மாசு வெளியிட்டன.

எல்லா ஆய்வும் இப்படிக் கொள்கையாகிவிடாது. இங்கே கைகொடுத்தது இரண்டு விஷயங்கள். வாரியமே தன் கதவைத் திறந்தது. சோதிக்கப்பட்டதும் அது நாளைக்கே அமல்படுத்தக்கூடிய ஒரு விதி. அப்படியிருந்தும் ஆறு ஆண்டுகள் ஆனது.

அடுத்த முறை 'ஆய்வு சொல்கிறது' என்ற தலைப்பைப் பார்த்தால், குஜராத் கற்றுத்தந்த கேள்வியை அங்கேயும் கேளுங்கள்: அளந்தது யார், அவருக்குப் பணம் கொடுத்தது யார்?