எடை குறைக்க ஊசி போடுகிறீர்களா? ஆபரேஷனுக்கு முன் மறக்காமல் சொல்லுங்கள்!

பித்தப்பைக் கல்லோ, குடலிறக்கமோ, மூட்டு மாற்றமோ... ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் மருத்துவமனையில் சொல்லும் முதல் கட்டளை, ‘வெறும் வயிற்றோடு வாங்க’ என்பதுதான். அது ஏன்?

விழித்திருக்கும்போது உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய் பக்கம் போனால், உடனே இருமல் வந்து நம்மைக் காப்பாற்றிவிடும். முழு மயக்கத்தில் அந்த இருமல் வராது. அப்போது வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால், மூச்சுத்திணறல், நிமோனியா, சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து. இது அரிதாகத்தான் நடக்கும். ஆனால், நடந்தால் விபரீதம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன், 1946-லேயே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இதைத் தவிர்க்கத்தான் நேரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். இட்லி போன்ற எளிய உணவு என்றால் 6 மணி நேரம், எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரம், தண்ணீர், பால் கலக்காத டீ போன்றவை என்றால் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கலந்த காபி, உணவுக் கணக்கில்தான் வரும்!

கணக்கை மாற்றிய ஊசி

சர்க்கரை நோய்க்காக வந்து, இப்போது உடல் எடையைக் குறைக்கவும் பயன்படும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள்தான் இந்தக் கணக்கைக் குழப்பியிருக்கின்றன. மௌஞ்சாரோ, வீகோவி என்ற பெயர்களில் இவை 2025-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டன. பசியைக் குறைப்பதோடு, இரைப்பையிலிருந்து உணவு நகரும் வேகத்தையும் இவை குறைக்கின்றன. அதனால், முந்தின இரவு சாப்பிட்டது காலையிலும் வயிற்றில் இருக்கலாம்.

அமெரிக்காவில், ஆபரேஷனுக்காக முறைப்படி பட்டினி இருந்த 124 பேரின் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2024-ல் வெளியானது. வாரம் ஒருமுறை இத்தகைய ஊசி போட்ட 62 பேரில் 35 பேரின் வயிறு காலியாக இல்லை. ஊசி போடாத 62 பேரில் அப்படி இருந்தவர்கள் 12 பேர்தான்.

நிறுத்துவதா, தொடர்வதா?

‘ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே ஊசியை நிறுத்துங்கள்’ என்று 2023-ல் சொன்னது அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம். ஆனால், ஒரு வாரம் கழிந்தாலும் செமாகுளுடைடில் பாதியளவு உடலிலேயே தங்கியிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு, ஊசியை நிறுத்தினால் சர்க்கரை ஏறும் சிக்கலும் உண்டு.

அதனால் 2024 அக்டோபரில், வேறு சில மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து அந்தச் சங்கம் புதிய வழிகாட்டுதலைத் தந்தது. அதன்படி, பெரும்பாலானவர்கள் ஊசியைத் தொடரலாம். ஊசியை இப்போதுதான் ஆரம்பித்து டோஸைக் கூட்டிக்கொண்டிருப்பவர்கள், அதிக டோஸ் எடுப்பவர்கள், குமட்டல், வாந்தி, வயிற்று உப்புசம் உள்ளவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இவர்களுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரமும் திரவ உணவு மட்டும் தரப்படலாம். சந்தேகம் இருந்தால், அன்று காலை வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். வயிறு நிறைந்திருந்தால், மூச்சுக்குழாயை உடனடியாகப் பாதுகாக்கும் முறையில் மயக்கம் கொடுப்பார்கள். அல்லது ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள்.

இதையெல்லாம் சொல்லுங்கள்

இத்தனை ஏற்பாடும் ஒரு தகவலை நம்பித்தான் இருக்கிறது. ‘என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால், பி.பி மாத்திரையைச் சொல்பவர்கள், வாரம் ஒருமுறை போடும் ஊசியை மறந்துவிடுகிறார்கள். எடை குறைக்க ஊசி போடுவதைச் சொல்லக் கூச்சப்படுபவர்களும் உண்டு.

ஊசியின் பெயர், டோஸ், கடைசியாகப் போட்ட தேதி, வயிற்றுத் தொந்தரவு... நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஆபரேஷனுக்குச் சில நாள்கள் முன்பே மயக்க மருந்து நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள். எண்டோஸ்கோப்பிக்காக மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும் இது பொருந்தும். ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். திரவ உணவுக்கும் நீங்களாக மாற வேண்டாம். குறிப்பாக, இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.

நோயாளி மறந்தாலும், உடன் வரும் மகனோ மகளோ மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.