வீட்டினுள் ஓர் ஆல்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்களுக்கு ஆலும் அரசும் புதியன அல்ல. வீட்டு விறாந்தையிலே சாடியில் நிற்கும் றப்பர்ச் செடியும், மெல்லிய கிளைகளைத் தாழ்த்தி நிற்கும் பெஞ்சமினாச் செடியும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. தோட்டங்களிற் பால் எடுக்கப்படும் றப்பர் மரம் வேறு. அது ஆலினத்தைச் சேர்ந்ததன்று.

சாடியில் அடங்கி நின்றாலும் இச்செடிகளின் இயல்பு மாறுவதில்லை. காட்டிலே றப்பர்ச் செடி நூறடி உயரமும் வளரவல்ல பெருமரம். அது முகட்டைத் தொட்டதும் சிலர் அதனைப் பெயர்த்துக் கிணற்றருகே நட்டுவிடுகின்றனர். நீரை நாடும் வேர் நாளடைவில் கிணற்றுக் கட்டைப் பிளக்கும். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி இப்பகுதியில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. வீட்டோடு ஒட்டி நிற்கும் பெருமரம் எத்தகைய அபாயம் என்பதை அன்று கண்டவர் மறவார். ஆதலின், காலமறிந்து கத்தரித்தல் செடிக்குச் செய்யும் கொடுமையன்று. செடியையும் மனையையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.

கத்தரிப்பதன் பயன் யாது? தண்டின் நுனியில் ஊறும் ஒருவகைச் சுரப்பு கீழ்நோக்கி இறங்கி, பக்க மொட்டுகளை உறங்கச் செய்கிறது. நுனி நீங்கினால் அவை விழித்துக் கிளைவிடும். நெட்டையாய் நின்ற செடி அடர்ந்து படரும்.

வெட்டுவோர் கூரிய, தூய கத்தரியைக் கொண்டு, இலை தோன்றும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுதல் வேண்டும். வெட்டுவாயில் வடியும் பால் தோலில் அரிப்பையும் கண்ணில் எரிச்சலையும் உண்டாக்கும். கையுறை அணிவதும், ஈரத் துணியால் பாலை ஒற்றியெடுப்பதும் நன்று. ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தலாகாது. வெட்டிய நுனியை ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர்விடுதலும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சாடியைச் சுற்றிப் பின்னிய வேர்களையும் சிறிது நறுக்கிப் புதுமண் இடுதல் வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. மாரி மேகம் சூழ்ந்த நாட்களில் வீட்டினுள் ஒளி குன்றும். கச்சான் காற்று வீசும் நாட்களிலோ இளந்தளிர் வாடும். மாரி ஓய்ந்து வெயில் தெளியும் மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. வெட்டியபின் செடியை அடிக்கடி இடம் மாற்றலாகாது. ஒளி மாறினால் பெஞ்சமினா இலைகளை உதிர்த்துவிடும். வாவியோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவர்ப்பானது. அந்நீர் இலையோரத்தைக் கருக்கும். அத்தகைய வீடுகளில் மழைநீரைச் சேர்த்து ஊற்றுதல் நலம்.

ஆண்டுக்கொரு முறை அரைமணி நேரம் செலவிட்டால் போதும்; நூறடி வளரும் மரம் யன்னலோரத்தில் ஆளுயரத்துக்கு அடங்கிப் பல்லாண்டு பசுமை தரும்.