அரிசி ஃப்ரிட்டாட்டா: நோயாளிக்குப் புதுச் சோற்றிலேயே செய்க

அறுவை சிகிச்சை முடிந்தோ, புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டோ வீடு திரும்பியவர் இரண்டு கவளத்துக்குமேல் உண்ண மறுக்கும்போது, பராமரிப்பவரின் உள்ளம் தவிப்பது இயல்பு. உண்ணும் அளவைக் கூட்ட இயலாத நாள்களில், அந்தச் சிறிதளவிலேயே சத்தைக் கூட்டுவதுதான் வழி. அதற்கு ஏற்றதோர் உணவு இத்தாலியில் உண்டு. சோற்றையும் முட்டையையும் கலந்து ஓவனில் வேகவைக்கும் அரிசி ஃப்ரிட்டாட்டாவே அது. மென்மையாக இருப்பதால் அதிகம் மெல்ல வேண்டியதில்லை; ஆறினாலும் சுவை குன்றாது.

ஃப்ரிட்டாட்டா என்னும் சொல்லின் வேர் 'பொரித்தல்' என்பதாகும். வாணலியில் ஊற்றி இருபுறமும் திருப்பிச் சமைப்பதே பழைய முறை. ஓவனில் வைத்தால் திருப்பும் வேலையும் இல்லை, எண்ணெயும் குறைவு. வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், வெர்செல்லி, நொவாரா, பவியா ஆகிய பகுதிகளில் நெல் பெருமளவில் விளைகிறது. மீந்த சோற்றை வீணாக்காமல் மறுநாள் முட்டையுடன் சேர்த்துவிடுவது இத்தாலிய வீடுகளின் சிக்கனம்.

அந்தச் சிக்கனத்தைத்தான் நோயாளி உள்ள வீட்டில் கைவிடல் வேண்டும். அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிநீரிலும் அவை முற்றிலும் மடிவதில்லை. வடித்த சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால், அவ்வித்துகள் முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. வாந்தியை விளைவிக்கும் அந்நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே, "ஓவனில்தான் வெந்துவிடுமே" என்னும் சமாதானம் இங்குச் செல்லாது. நலமுள்ளவருக்கு ஒரு நாள் தொல்லையாக முடிவது, எதிர்ப்பாற்றல் குன்றியவரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவரக்கூடும்.

நால்வருக்குச் செய்ய, சிறிது குழைவாக வடித்த புதுச் சோறு 300 கிராம் தேவை. இத்தாலியர் ஆர்போரியோ போன்ற குட்டை அரிசியைப் பயன்படுத்துவர். நமக்குப் பச்சரிசியே போதும். சோற்றைத் தட்டில் பரப்பி ஆவி அடங்க விடவேண்டும். கொதிக்கும் சோற்றில் முட்டையை ஊற்றினால் திரிதிரியாகிவிடும். 4 முட்டைகளையும் 100 மில்லி காய்ச்சிய பாலையும் அடித்து, சோறு, துருவிய சீஸ் 30 கிராம், ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் ஆகியவற்றைச் சேர்க்கவும். வெங்காயத்தையும், சுகினி அல்லது பசலைக்கீரையையும் ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் நீர் வற்ற வதக்கிக் கலக்கவும். நீர் வற்றாவிடில் நடுப்பகுதி இறுகாது. பலருக்கும் தவறுவது இந்த இடத்தில்தான். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியசில் 30 முதல் 35 நிமிடங்கள் வைக்கவும். ஓவன் இல்லாதவர்கள் அடி கனத்த வாணலியில் மூடியிட்டு, மிகச் சிறு தீயில் வேகவைக்கலாம். நேரம் அடுப்புக்கு அடுப்பு மாறும்.

நடுவில் கத்தியைச் செருகி எடுத்தால் ஈரமின்றி வரவேண்டும். சமையல் வெப்பமானி இருப்பின் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம். உணவகங்களில் முட்டையை நடுவில் தளதளவென்று விடுவது சுவைக்காக. சால்மொனெல்லாக் கிருமிக்கு அஞ்ச வேண்டிய நோயாளிக்கு அது ஆகாது.

இவ்வாறு செய்த ஒரு பங்கில் சுமார் 11 கிராம் புரதம் கிடைக்கும். சீஸிலேயே உப்பு இருப்பதால், தனியாக உப்பு சேர்க்குமுன் கலவையின் உப்பைக் கணக்கில் கொள்க. இரத்த அழுத்தமுடையோர் சீஸைப் பாதியாக்கலாம். சிறுநீரக நோயாளிகள் புரதம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அளவு குறித்துத் தம் உணவியல் வல்லுநரைக் கேளாமல் இதை உண்ணலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சோற்றுக்கு மாற்றாகவே கொள்ளவேண்டும், சோற்றோடு கூடுதலாக அன்று. வாய்ப்புண் இருப்பவர்களுக்கு மிளகு சேர்க்காமல், வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

எஞ்சியதை ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் ஒரே முறை ஆவி பறக்கச் சூடாக்கி உண்ணலாம். வெள்ளணுக்கள் குறைந்திருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால், நோயாளிக்கு அன்று செய்த துண்டை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை வீட்டிலுள்ள மற்றவர்கள் உண்க.