‘இரவு’ நூலும் அருஞ்சொற்பொருளும்

ஒரு நூலைப் பாடமாக எடுத்துக்கொண்டால், அதிலுள்ள அருஞ்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே பொருளெழுதி, மாணாக்கரை நெட்டுருப் பண்ணச் சொல்வது பள்ளிகளில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். பெரும்பாலான நூல்களுக்கு இம்முறை துணைசெய்யும். சில நூல்களுக்கோ இது போதாது. போதாமையோடு நில்லாமல், பொருளைத் திரித்தும் விடும். எலீ வீஸல் எழுதிய ‘இரவு’ என்னும் நினைவுநூல் அத்தகையது.

வீஸல் 1928-இல், ருமேனிய நாட்டுச் சிகெத் என்னும் ஊரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1940-இல் அவ்வூர் ஹங்கேரியின் ஆட்சிக்குட்பட்டது. 1944 மே மாதத்தில், தம் பதினைந்தாம் வயதில், குடும்பத்தாரோடு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாயும் தங்கையும் அங்கே கொல்லப்பட்டனர். தந்தையார் 1945 ஜனவரியில் புக்கன்வால்ட் முகாமில் இறந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் வீஸல் விடுதலை பெற்றார். இவ்வரலாற்றை அவர் யித்திஷ் மொழியில் எழுதி 1956-இல் வெளியிட்டார். அதன் சுருங்கிய வடிவம் 1958-இல் பிரெஞ்சு மொழியிலும், 1960-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

நூல் சிறியது, நடை எளியது, வாக்கியங்கள் குறுகியவை. ஆயினும் படிப்போர் இடறும் இடங்கள் பல உண்டு. அவ்விடங்களில் உள்ள சொற்களை மூவகையாகப் பிரித்துக்கொண்டால் கற்பித்தல் எளிதாகும்.

வழிபாட்டுச் சொற்கள்

முதல் வகை, யூதரின் சமய வாழ்வைச் சேர்ந்தவை. சினகாக் என்பது யூதர் கூடித் தொழும் இடம். தால்முட் என்பது சமயச் சட்டங்களையும் அவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகளையும் கொண்ட பெருநூல். காபாலா என்பது மறைஞானக் கல்வி. இவற்றுக்குச் சுருக்கமான விளக்கம் போதும். சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

ஆனால் கடிஷ் என்னும் சொல்லுக்கு அது போதாது. இறந்தார்க்காக உறவினர் ஓதும் வேண்டுதல் என்று பொருளெழுதலாம். அதில் சாவைப் பற்றிய பேச்சே இல்லை. இறைவனின் பெருமையே கூறப்படுகிறது. பெற்றோர் இறந்தால் மகன் ஓதுவது மரபு. ஆஷ்விட்ஸ் சேர்ந்த முதல் இரவில், உயிரோடிருப்பவர்கள் தமக்குத் தாமே கடிஷ் ஓதிக்கொண்டதை வீஸல் எழுதுகிறார். மரபை அறிந்த மாணாக்கனுக்கே அக்காட்சியின் கொடுமை விளங்கும். அறியாதவன் அதனை மற்றொரு பிரார்த்தனையாகக் கருதிக் கடந்துவிடுவான்.

முகாமின் சொற்கள்

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல, ஒரு குழுவினர் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. முகாம்களிலும் இத்தகைய சொற்கள் தோன்றின.

காப்போ என்பவன், கைதிகளை வேலைவாங்க முகாம் அதிகாரிகளால் அமர்த்தப்பட்ட மற்றொரு கைதி. நம் மாணாக்கர் இதற்குக் ‘கங்காணி’ என்று எழுதக்கூடும். ஒப்புமை ஓரளவு உண்டு. ஆனால் கங்காணி ஊதியம் பெற்ற பணியாளர். காப்போவோ, சற்று மிகுதியான உணவும் சிறிது பாதுகாப்பும் பெற்றாலும், எந்நாளும் கொல்லப்படக்கூடிய கைதி. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால், கைதிகளைக் கொண்டே கைதிகளை ஒடுக்கிய சூழ்ச்சி மாணாக்கனுக்குப் புலப்படாது.

முசல்மான் என்னும் சொல்லும் இவ்வகையினதே. பசியாலும் நோயாலும் மெலிந்து, வாழும் விருப்பமும் அற்றுச் சாவை நெருங்கிய கைதியை முகாமில் இவ்வாறு அழைத்தனர். ‘முஸ்லிம்’ என்னும் பொருளுடைய பழைய ஜெர்மன் சொல் இது. இங்கே இது எந்தச் சமயத்தாரையும் குறிக்கவில்லை என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தெளிவுபடுத்த வேண்டும். பல சமயத்தார் கூடிப் பயிலும் நாடுகளில் இது மிகவும் தேவை.

மறைக்கும் சொற்கள்

மூன்றாம் வகையே மிகக் கடினமானது. இச்சொற்கள் பார்வைக்கு எளியவை. எனவே மாணாக்கர் பொருள் கேட்கவும் மாட்டார்கள்.

‘தேர்வு’ என்பதைக் காண்க. மாணாக்கனுக்கு அது பரீட்சை. அல்லது நல்லதைத் தெரிந்தெடுத்தல். ஆஷ்விட்ஸ் முகாமிலோ, வந்திறங்கியவர்களுள் வேலைக்கு ஆவோரை ஒருபுறமும், முதியோர், குழந்தைகள், நோயாளிகள் முதலியோரை நச்சுவாயு அறைகளுக்குமாகப் பிரித்ததற்கு அதுவே பெயர். 1944-இல் மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை ஹங்கேரியிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் மிகப் பலர் வந்த நாளிலேயே கொல்லப்பட்டனர்.

பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகளின் குழு ‘சிறப்புக் குழு’ எனப்பட்டது. கொலைக்கே ‘சிறப்பு நடவடிக்கை’ என்று ஆவணங்களில் பெயரிட்டனர். 1942 ஜனவரி 20-ஆம் நாள் பெர்லினின் வான்சீயில் கூடிய அதிகாரிகள், ஐரோப்பிய யூதர் அனைவரையும் அழிக்கும் திட்டத்தை ‘இறுதித் தீர்வு’ என்று குறித்தனர். தீர்வு என்றால் ஒரு சிக்கல் இருக்க வேண்டும். மக்களையே சிக்கலாக்கிய பின்னர்தான் அச்சொல் பிறந்தது.

செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் நம் இலக்கணத்தில் மங்கலம் ஆகும். இதுவும் மறைத்துக் கூறுதல்தானே என்று மாணாக்கன் கேட்டால், அது நல்ல கேள்வி. துஞ்சினார் என்பவன் கேட்போரின் துயரத்துக்கு இரங்குகிறான். அவர் இறந்தார் என்பதை இருவரும் அறிவர். நாஜி அதிகாரியின் சொல்லோ இறக்கப்போகிறவரை ஏமாற்றவும், கொல்பவன் தன் செயலைத் தானே பாராதிருக்கவும் ஆக்கப்பட்டது. வடிவம் ஒன்றுபோல் தோன்றினும் நோக்கம் நேர்மாறானது.

பிண எரியறையும் இவ்வாறே ஆராயத்தக்கது. எரித்தல் பலருக்கு ஈமக்கடன். யூத மரபிலோ புதைத்தலே முறை, எரித்தல் விலக்கப்பட்டது. ஆதலால் அம்முகாமின் புகைபோக்கி, உயிரைப் பறித்ததோடு அவர்களின் இறுதிக் கடனையும் பறித்தது.

நிகழ்ச்சியின் பெயர்

ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்ட இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் ஹோலோகாஸ்ட் என்பர். ‘முற்றும் எரிக்கப்பட்ட பலி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அதன் மூலம். இதனை வேள்வி என்று மொழிபெயர்த்தல் தகாது, கொலை காணிக்கையாகாது. இக்காரணத்தாலேயே யூதருள் பலர், பேரழிவைக் குறிக்கும் ‘ஷோவா’ என்னும் எபிரேயச் சொல்லை விரும்புகின்றனர். இனப்படுகொலை என்பது இன்னும் விரிந்த சொல். அதற்கீடான ஆங்கிலச் சொல்லை 1944-இல் வெளிவந்த தம் நூலில் ராபேல் லெம்கின் என்னும் சட்ட அறிஞர் புதிதாக ஆக்கி வழங்கினார். 1948 டிசம்பர் 9-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையால் அது சட்டச் சொல்லாயிற்று.

ஆசிரியர் செய்யத்தக்கது

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வினாக்களை எழுப்பலாம். இதனைச் சொன்னவர் யார்? யாரிடம் சொன்னார்? சொல்லுக்கும் செயலுக்கும் இடையே என்ன இருக்கிறது? ‘தேர்வு’ என்பதை அதிகாரி சொல்லும்போதும், அதற்கு அஞ்சிய கைதி சொல்லும்போதும் பொருள் ஒன்றன்று. மாணாக்கன் முதலில் அகராதிப் பொருளை எழுதட்டும். பின்னர் நூலில் அச்சொல் வரும் பக்கத்தை மீண்டும் படித்து, அங்குள்ள பொருளை அதன்கீழ் எழுதட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே அவன் கற்க வேண்டிய பாடம்.

இப்பயிற்சி ஒரு நூலோடு முடிவதன்று. நாளிதழிலோ அரசாணையிலோ மக்களைக் குறித்து மென்மையான சொல் ஒன்று வரும்போது, அதன் பின்னே நடப்பது என்ன என்று கேட்கும் பழக்கம் அவனுக்கு வாய்க்குமானால், அருஞ்சொற்பொருள் கற்பித்ததன் பயன் கைகூடியதாகும்.