ஃபாரின் டூர்னா ஐரோப்பாதானா? காஞ்சியில் இருந்து பொலன்னறுவைக்கு குடும்பத்தோடு போவது எப்படி?

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் இருந்து பாட்டி, அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பம், "பழைய ராஜா காலத்து வெளிநாட்டு ஊர் ஒண்ணைப் பார்க்கணும்" என்று திட்டம் போட்டால், கூகுள் முதலில் காட்டுவது ப்ராக், ப்ரூஜ் போன்ற ஐரோப்பிய நகரங்களைத்தான். ஆனால் ஷெங்கன் விசா கட்டணம் மட்டுமே பெரியவர்களுக்கு தலா 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைக்கு 45 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது.

அதே காலத்து ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் இருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 5 மணி நேரம் போனால் பொலன்னறுவை.

காஞ்சிக்கு என்ன தொடர்பு?

7-ம் நூற்றாண்டில் அரசுரிமையை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன், அடைக்கலம் தேடி வந்தது பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனிடம். பல்லவர் படை உதவியோடுதான் அவன் பிறகு ஆட்சியைப் பிடித்தான் என்கிறது மகாவம்சம். கண்டி - தம்புள்ளை சாலையில் உள்ள நாலந்தா கெடிகே என்ற சின்ன கற்கோயிலைப் பார்த்தால், "இது நம்ம மாமல்லபுரம் மாதிரி இருக்கே" என்று பிள்ளைகளே சொல்வார்கள். நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அந்தக் கோயிலை கல் கல்லாகப் பிரித்து, வேறு இடத்தில் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள்.

பொலன்னறுவை சோழர்களின் தலைநகராக இருந்த ஊர். அப்போது அதன் பெயர் ஜனநாதமங்கலம். ராஜராஜனின் தேவி வானவன்மாதேவியின் பெயரில் கட்டப்பட்ட சிவன் கோயில் இன்றும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டுகளோடு. 1070-ல் சோழர்களை வெளியேற்றிய விஜயபாகு, அதே ஊரையே தன் தலைநகராக்கிக் கொண்டான். கல் விகாரையில் சுமார் 14 மீட்டர் நீள சயன புத்தர் தனி அழகு. 1982-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது.

சிக்கலே பேரில்தான்!

பலரும் டிக்கெட் போட்ட பிறகுதான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். அது தப்பு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பாட்டிக்கு ஆதாரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர் இருந்தால், முதலில் அதைச் சரி செய்யுங்கள். இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். மூணாவது படிக்கும்போது எடுத்தது, ஒன்பதாவது வந்ததும் காலாவதி ஆகியிருக்கும்!

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடிக் காலம் மீதம் இருக்க வேண்டும். விமான டிக்கெட்டிலும், இலங்கைக்கான இடிஏ எனும் ஆன்லைன் பயண அனுமதியிலும் பேர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். இல்லையென்றால் நாலு பேர் விமானம் ஏற, பாட்டி மட்டும் கவுன்டரிலேயே நிற்க வேண்டிய நிலை வரலாம். இடிஏ கட்டண விதிகள் அடிக்கடி மாறுவதால், பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல் இலங்கை குடிவரவுத் துறையின் அதிகாரப்பூர்வ தளத்தில் பார்த்துவிடுங்கள்.

எப்போது போகலாம்?

அக்டோபர் முதல் ஜனவரி வரை அந்தப் பகுதியில் நம்ம ஊர் போலவே வடகிழக்குப் பருவமழை. பள்ளி விடுமுறையான மே மாதம் வசதிதான், ஆனால் வெயில் கொளுத்தும். புனித இடங்களில் செருப்பைக் கழற்றணும் என்பதால், காலை 7 மணிக்கே கிளம்புவது நல்லது. கனமான சாக்ஸ் கைவசம் இருக்கட்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது.

நுழைவுச்சீட்டு வாங்கும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டி சார்க் நாட்டவருக்கான சலுகை உண்டா என்று கேளுங்கள். 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ வசதியும் இருக்கிறது. என்றாலும் சின்னக் கடைகளுக்கு கையில் இலங்கை ரூபாய் வேண்டும்.

சைவம் சாப்பிடும் குடும்பம் என்றால் ஒரு விஷயம். அங்கே தேங்காய்ச் சம்பல், பருப்புக் கறியில்கூட மாசிக்கருவாடு சேர்ப்பது சகஜம். ஆர்டர் கொடுக்கும்போதே "மாசி போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.