கெர்னலுக்குள் ஒரு பயணம் – 18: ஆளில்லாத வரிகள்

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஒரு புதிய வரி நுழைய எத்தனை பேரின் பார்வையைத் தாண்டி வரவேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் எதிர்த்திசை. உள்ளே வந்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் வரியை வெளியே அனுப்பும் வேலை. இதைச் செய்பவர்களுக்குப் பெயரும் புகழும் கிடைப்பது அரிது. ஆனாலும் லினக்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தளராமல் நடைபோடுவதில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கெர்னலில் சுமார் 10,000 வரிகள் இருந்தன. இன்று அது 4 கோடி வரி அளவுக்கு வளர்ந்து நிற்கிறது. அதில் பெரும்பகுதி டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு கருவியையும் இயக்கத் தெரிந்த நிரல்கள். கருவிகள் கடையிலிருந்தும் மேசையிலிருந்தும் மறைந்துவிடுகின்றன. அவற்றுக்காக எழுதிய வரிகள் மட்டும் தங்கிவிடுகின்றன.

"இருந்துவிட்டுப் போகட்டுமே, டிஸ்கில் கொஞ்சம் இடம்தானே" என்று தோன்றும். இடம் பெரிதல்ல, ஆள் உழைப்புதான் பெரிது. கெர்னலின் உள்ளே ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறினால், அதை அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும் திருத்தியாக வேண்டும். நூறு இடங்களில் முப்பது, யாரிடமும் இல்லாத கருவிகளுக்கான டிரைவர்கள் என்று வையுங்கள். அந்த முப்பதையும் ஒருவர் உட்கார்ந்து திருத்துகிறார். ஓட்டிப் பார்க்க அவரிடம் கருவி கிடையாது. கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். பத்து வருடம் இப்படிப் போனால், அந்த டிரைவர் உண்மையில் வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறந்த வீட்டையே விட்டது

லினக்ஸ் பிறந்தது இன்டெல் 386 கணினியில். அந்த 386-க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பிலிருந்து அந்தச் சிப்பில் லினக்ஸ் ஓடாது. நீக்கும் பேட்சுகளை, அதாவது மாற்றங்களின் தொகுப்புகளை, அனுப்பியவர் ஹங்கேரியரான இங்கோ மோல்னார்.

காரணம் வயது அல்ல. நினைவகத்திலுள்ள ஒரு மதிப்பை ஒப்பிட்டு, இடையில் யாரும் புகாதபடி ஒரே மூச்சில் மாற்றும் கட்டளை 486-ல்தான் வந்தது. 386-ல் அது இல்லை. 'எழுதக் கூடாது' என்று குறித்து வைத்த நினைவகப் பக்கத்தில் கெர்னலே எழுதினால் 386 தடுக்கவும் தடுக்காது. இந்த இரண்டு குறைகளையும் ஈடுகட்ட, கெர்னலின் மிக நுட்பமான பகுதிகளில் தனி வழிகள் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பகுதிகளில் யார் கை வைத்தாலும் 386-ஐயும் நினைத்துப் பார்த்தே கை வைக்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட ஒருவரும் புதிய கெர்னலை ஓட்டாத ஒரு சிப்புக்காக எல்லோரும் சுமந்த சுமை அது.

திறந்து கிடந்த வாசல்

உழைப்பு வீணாவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் பாதுகாப்பில் வரும். டிசிசிபி என்றொரு நெட்வொர்க் நெறிமுறை. ஒலி, ஒளிபரப்பு போன்றவற்றுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்தார்கள். 2005-ல் லினக்ஸுக்குள் வந்தது. உலகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் பல லினக்ஸ் விநியோகங்களில் அது ஒரு மாட்யூலாகக் கூடவே போனது. சாதாரணப் பயனர் ஒருவர் அந்த வகை சாக்கெட்டைக் கேட்டாலே, கெர்னல் தானாக அந்த மாட்யூலை ஏற்றிக்கொள்ளும்.

2017 பிப்ரவரியில் ஆண்ட்ரே கொனோவலோவ் என்ற ஆய்வாளர் அதற்குள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். விடுவித்த நினைவகத்தையே மறுபடியும் விடுவிக்கும் பிழை. சாதாரணப் பயனர் அதைப் பயன்படுத்தி ரூட் அதிகாரத்தைப் பிடிக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே இருந்தது. யாரும் பயன்படுத்தாததால் யாருக்கும் அது இடறவில்லை. நல்லவர்கள் நடக்காத வழியில் திருடன் நடக்கலாம். கடைசியில் 2025-ல் டிசிசிபியை கெர்னலிலிருந்தே எடுத்தார்கள்.

பயன்படவில்லை என்று எப்படித் தெரியும்?

ஒரே கோப்புக்குள் அடங்கிய ஃபங்ஷனை யாரும் அழைக்கவில்லை என்றால் கம்பைலரே எச்சரிக்கும். பல கோப்புகளுக்குப் பொதுவான ஃபங்ஷன் என்றால் கம்பைலர் வாய் திறக்காது. அதன் பெயரை முழு கெர்னலிலும் தேட வேண்டும். தேடல் வெறுங்கையோடு திரும்பினாலும் முடிவுக்கு வந்துவிட முடியாது. மேக்ரோக்கள் இரண்டு துண்டுகளை ஒட்டிப் பெயரை உருவாக்கியிருக்கலாம். அசெம்பிளிக் கோப்பிலிருந்து அழைப்பு போகலாம். ஏதோ ஒரு சிப்புக்குக் கட்டும்போது மட்டும் உயிர்பெறும் பகுதியில் அழைப்பு ஒளிந்திருக்கலாம். அதனால்தான் பல அமைப்புகளில் கெர்னலைக் கட்டிப் பார்க்கிறார்கள்.

நல்ல நீக்கல் பேட்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு பேட்சில் ஒரு காரியம். இதைக் கடைசியாக அழைத்த இடம் எந்த ஆண்டில், எந்த மாற்றத்தில் போனது என்ற விவரம். தவறு என்று தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பெறும் வசதி. இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. கெர்னலுக்குள் ஆளில்லாத ஃபங்ஷனைத் தாராளமாக எடுக்கலாம். வெளியே பயனரின் மென்பொருள் நம்பியிருக்கும் எதையும் உடைக்கக் கூடாது. டோர்வால்ட்ஸ் தளர்த்த மறுக்கும் விதி இது.

யாராவது பதில் சொல்கிறார்களா?

2018-ல் ஆர்ண்ட் பெர்க்மன் என்ற பராமரிப்பாளர் எட்டு வகை புராசசர்களுக்கான நிரலை ஒன்றாக வெளியேற்றினார். பிளாக்ஃபின், கிரிஸ், டைல் போன்றவை அவை. அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் பலவும் ஆர்ம் சிப்புகளின் பக்கம் போயிருந்தன, அல்லது அந்தச் சிப்பையே கைவிட்டிருந்தன. சுமார் 5 லட்சம் வரிகள் போயின. அந்த ஜூனில் வந்த 4.17 பதிப்பு முந்தையதைவிடச் சிறியதாக இருந்தது. லினக்ஸ் வரலாற்றில் அபூர்வம் அது.

அதே சமயம் மோட்டோரோலா 68000 குடும்பத்துக்கான நிரலை அவர் தொடவில்லை. அமிகா, அடாரி, பழைய மேக் கணினிகளில் இருந்த சிப் அது. வெளியேற்றிய எட்டில் பலவற்றைவிட வயதில் மூத்தது. ஆனால் அதை வைத்து ஓட்டிப் பார்க்கவும், உடைந்தால் திருத்தவும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஃபிளாப்பி டிரைவருக்கும் இதே கதை. 2019-ல் அதன் பராமரிப்பாளரிடம் ஃபிளாப்பி கருவியே இல்லை என்பதால் 'ஆதரவற்றது' என்று குறித்தார்கள். பிறகு இன்னொருவர் முன்வந்து பொறுப்பேற்றார். டிரைவர் பிழைத்தது. இட்டானியம் சிப்புக்கு அப்படி யாரும் நிலைக்கவில்லை. 2021-ல் அதையும் ஆதரவற்றது என்றார்கள். 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் அது இல்லை.

கோப்பு முறைமை விஷயத்தில் நிதானம் கூடுதல். ஏனென்றால் அதில் இருப்பது மக்களின் கோப்புகள். 2001-ல் நுழைந்த ரைசர்எஃப்எஸ் போகப்போகிறது என்று 2022-லேயே அறிவித்தார்கள். டேட்டாவை மாற்றிக்கொள்ள அவகாசம் தந்து, 2025 ஜனவரியில் வந்த 6.13 பதிப்பில் எடுத்தார்கள்.

நீக்கியது அழிந்தும் போவதில்லை. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாற்றில் அத்தனையும் பத்திரமாக இருக்கிறது. எச்8/300 சிப்புக்கான நிரலை 2014-ல் வந்த பதிப்பில் எடுத்தார்கள். ஒருவர் பொறுப்பேற்றதும் 2015-ல் திரும்ப வந்தது. மறுபடி ஆளில்லாமல் போனதும் 2022-ல் மறுபடி போனது. கதவு இரண்டு பக்கமும் திறக்கும்.

நிரல் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக எழுதுவதுதான் சாதனை என்று எண்ணாதீர்கள். உங்கள் திட்டத்தில் ஒரு பழைய பகுதியைப் பார்க்கும்போது அதன் வயதைக் கேட்காதீர்கள். இது நாளை உடைந்தால் யார் திருத்துவார் என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் அந்தப் பகுதியைக் காப்பாற்றுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் பொறுப்பேற்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதென்றால் தேடிப் பார்த்து, காரணம் எழுதி, பயன்படுத்துவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுத்துவிடுங்கள். அடுத்து வருபவர் படிக்க வேண்டிய வரிகள் அத்தனை குறையும்.

(பயணம் தொடரும்)