உருளும் இல்லம்

வீடு என்பது நிலைத்து நிற்பது. ஊர்தி என்பது பெயர்ந்து செல்வது. இவ்விரண்டன் இயல்பும் ஒருங்கே அமைந்தது கேம்பர்வேன் என்னும் ஊர்தி. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, நீர்த்தொட்டி ஆகிய யாவும் அதன்கண் அடங்கும். பகலில் உண்ணும் மேசையாய் இருப்பது இரவில் படுக்கையாய் விரியும். ஆஸ்திரேலிய நாட்டின் உட்பகுதியைக் காணப் புறப்படும் குடும்பத்தார் பலர் இதனையே நாடுவர். அதன் காரணத்தை ஆராய்வோம்.

ஆஸ்திரேலியா ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நம் நாட்டினும் இரு மடங்கு பெரியது. எனினும், மக்களிற் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களிலேயே வாழ்கின்றனர். உள்நாட்டிலோ, ஊருக்கும் ஊருக்கும் இடையே நூறு, இருநூறு கிலோமீட்டர் வெற்றிடம் கிடக்கும். ஆதலின், வீட்டையே உடன்கொண்டு செல்லுதல் அறிவுடைமையாயிற்று.

தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை, ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. பலமுறை முயன்று, 1862-ஆம் ஆண்டில் தென்கரையிலிருந்து வடகரையை அடைந்து மீண்ட ஜான் மக்டூவால் ஸ்டூவர்ட்டின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அவர் குதிரைமேல் நீர் தேடி வருந்திச் சென்ற நிலத்தில், இன்று பெற்றோரும் பிள்ளைகளும் இனிதே செல்கின்றனர். மே முதல் செப்டம்பர் வரை இதற்கேற்ற காலம். நமக்குக் கோடையாகும் திங்கள்களில் அங்குக் குளிர்காலம் நிகழ்கின்றது.

வழியில் கூபர் பீடி என்னும் ஊர் உள்ளது. 1915-ஆம் ஆண்டில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அங்கு ஓப்பல் என்னும் மணிக்கல்லைக் கண்டெடுத்தான். சுரங்கம் தோண்ட வந்தோர் கொடுவெயிலுக்கு அஞ்சி நிலத்தினுள்ளே வீடு குடைந்து வாழத் தலைப்பட்டனர். இன்றும் நிலத்தடி வீடுகளையும் கோயில்களையும் அங்குக் காணலாம்.

இப்பயணத்தில் இன்பம் உண்டு, இடரும் உண்டு. வைகறையிலும் அந்தியிலும் கங்காருகள் சாலையைக் கடக்கும். ஆதலின், அறிவுடையோர் பொழுது சாயுமுன் ஊர்தியை நிறுத்துவர். ஐம்பது மீட்டருக்கு மேல் நீண்ட தொடர்ச்சரக்கு வண்டிகள் விரைந்து வரும். அவற்றிற்கு விலகி இடந்தருதல் வேண்டும். ஆளற்ற இடத்தில் ஊர்தி பழுதுற்றால், அதனை விட்டு நீங்கலாகாது. உதவி தேடி நடந்து சென்றோர் நீர்வேட்கையால் மாண்டதுண்டு. தேடி வருவோர்க்கு மனிதன் எளிதிற் புலப்படான், ஊர்தி புலப்படும். நிழலும் நீரும் அதனிடத்தேயே உள்ளன. இவ்வொரு விதியை மறவாமை உயிரைக் காப்பதாம்.

தொட்டியில் உள்ள நீர் அளவுடையது. முகங்கழுவுவதற்கும் கலம் துலக்குவதற்கும் எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளைகள் தாமே கற்கின்றனர். ஒருவர் சமைப்பர்; ஒருவர் வரைபடம் நோக்குவர்; ஒருவர் குப்பையைத் திரட்டி அதற்குரிய இடத்தில் சேர்ப்பர்.

நெடுஞ்சாலையினின்று மேற்கே பிரிந்து சென்றால், உலூரு என்னும் செம்பாறை மலை தோன்றும். அஃது அனங்கு என்னும் பழங்குடியினர்க்குப் புனிதமானது. 1985-ஆம் ஆண்டில் அந்நிலம் அவர்கட்கே மீட்டளிக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு முதல் அதன்மேல் ஏறுதல் தடுக்கப்பட்டுள்ளது. காண வருவோர் அடிவாரத்தைச் சுற்றி நடந்து மீள்கின்றனர்.

நெடுஞ்சாலையின் நடுவே உள்ள ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். தொலைவில் உள்ள கால்நடைப் பண்ணைகளில் வாழும் சிறுவர்கட்கு வானொலி வழியே பாடம் கற்பிக்கும் பள்ளி 1951-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிற்று. இன்று இணையத்தின் வழியே கற்பிக்கின்றனர். அண்டை வீடே இல்லாத சிறுவரும் கல்வியைக் கைவிடவில்லை!

மாணவர்களே! பயணம் இடங்களை மட்டும் காட்டுவதன்று. அளவறிந்து நுகர்தல், பணிகளைப் பகிர்ந்து செய்தல், பிறர் போற்றுவதைத் தாமும் மதித்தல் ஆகிய மூன்றையும் அஃது ஒருங்கே கற்பிக்கும். உருளும் வீட்டில் கற்ற இவை, நிலைத்த வீட்டிலும் நமக்கு வேண்டுவனவே அல்லவா?